பத்தொன்பது வருஷத்து நோ கிளெய்ம்

இன்சூரன்ஸ் ஆபீஸுக்குள் நர்சம்மா ஒரு தோரணையோடுதான் நுழைந்தாள். பத்தொன்பது வருடமாகக் கார் ஓட்டுகிறவள், ஒரு பூனையைக்கூட உரசியதில்லை. அந்தப் பெருமை சும்மா இருக்குமா? கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முதல் பரிசு வாங்க மேடைக்கு வந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கவுண்டர்க்காரரைப் பார்த்தாள்.

கவுண்டர்க்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். தடிமனான கண்ணாடி, மேஜையில் ஆறிப்போன டீ. நல்ல மனிதர்தான். ஆனால் ஒரே பதிலை ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்லிச் சொல்லிக் குரலில் சலிப்பு ஊறிப்போயிருந்தது.

"முதல் பாலிசியா மேடம்?"

"என் பேர்ல முதல் பாலிசி. ஆனா பத்தொன்பது வருஷமா ஓட்டுறேன். ஒரு கிளெய்ம் கிடையாது. அந்த நோ கிளெய்ம் தள்ளுபடி எவ்வளவு வருதுன்னு பாத்துப் போட்டுக் குடுங்க."

இருபது வருடமாக ஒரே கிளினிக்கில், ஒரே டாக்டரின் ஒரே முணுமுணுப்பைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், நாற்பத்தேழு வயதில் துணிந்து புது வேலை ஒன்றைப் பிடித்திருந்தாள். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கிறவர்களுக்குப் புண் கட்டி, ஊசி போட்டு, டியூப் மாற்றிவிட்டு வருகிற வேலை. சம்பளமும் கூட, அதட்ட ஆளும் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: சொந்தக் கார் வேண்டும், இன்சூரன்ஸும் சொந்தப் பேரில் இருக்க வேண்டும். பாலிசியின் நகலை வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கொடுத்தால் திங்கட்கிழமை வேலை. கொடுக்காவிட்டால் வரிசையில் அடுத்த ஆள். யாரோ ஓட்டிப் பழகிய சின்னச் சாம்பல் நிறக் கார் ஒன்றுக்கு முன்பணமும் கட்டிவிட்டாள். மிச்சம் இருந்தது இந்தக் காகிதம் மட்டும்தான்.

"இத்தனை வருஷம் எந்த வண்டி மேடம்?"

"வீட்டு வண்டி. அவர் பேர்ல இருக்கு."

"பாலிசி?"

"அதுவும் அவர் பேர்லதான். ஆனா ஓட்டினது நானு. அவருக்கு வேற வண்டி இருக்கு, இந்த வண்டியத் தொடக்கூட மாட்டாரு."

கவுண்டர்க்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "நோ கிளெய்ம்ங்கிறது ஸ்டியரிங் பிடிச்சவங்களுக்கு இல்ல மேடம். பாலிசி யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு. கிளெய்ம் கேக்காம இருந்ததுக்கு கம்பெனி குடுக்கிற தள்ளுபடி அது. ஓட்டினது நீங்க, சரி. கிளெய்ம் கேக்காம இருந்தது அவரு."

நர்சம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. இதென்ன நியாயம்? மழையில், குளிரில், குழந்தையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, கிளினிக்குக்கு ஓடி, மருந்து வாங்கி, மாமியாரை மாதச் சோதனைக்குக் கூட்டிப் போய், ஒவ்வொரு முனையிலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டியவள் அவள். வீட்டில் அவளுக்குப் பட்டப்பேரே ஆமை. இந்த ஆமை சேர்த்து வைத்த பத்தொன்பது வருடமும், வீட்டுக் காரின் டிக்கியில் என்ன கிடக்கிறது என்றுகூடத் தெரியாத மனிதரின் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது.

அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் கவுண்டர்க்காரருக்கே பாவமாகிவிட்டது. "ஒரு வழி இருக்கு மேடம். அவரோட பாலிசியில, அவரைத் தவிர ஓட்டுறவங்கன்னு உங்க பேரும் இருந்துச்சுன்னா, சில கம்பெனி அதையும் கொஞ்சம் கணக்குல எடுத்துப்பாங்க. இருங்க, பழைய விவரத்தப் பாக்கிறேன்."

பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "ஒரு கிளெய்மும் கிடையாதுன்னீங்களே மேடம்?"

"ஆமா."

"நாலு வருஷத்துக்கு முன்னால ஒண்ணு இருக்கே. மார்ச் பத்தாம் தேதி, காலைல பத்தரை மணி. வண்டியப் பின்னால எடுக்கும்போது நடந்து போனவங்க மேல இடிச்சிருக்கு. கணுக்கால் முறிவு. அவங்களுக்குக் குடுத்தது, பம்பர் மாத்தினது, எல்லாம் கம்பெனி கட்டியிருக்கு. அதனால அவரோட தள்ளுபடிகூட அப்ப இறங்கி, இப்பதான் திரும்ப ஏறியிருக்கு." கொஞ்சம் தயங்கி, திரையை அவள் பக்கம் திருப்பினார். "ஓட்டினவங்கன்னு உங்க பேர்தான் இருக்கு."

அவள் பேர். அவள் லைசென்ஸ் எண். கீழே அவள் கையெழுத்து, கொஞ்சம் கோணலாக.

அந்தத் தேதி அவளுக்கு மறக்கக்கூடிய தேதி இல்லை. எட்டாம் தேதிதான் அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். பத்தாம் தேதி காலை பத்தரைக்கு அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு, இரும வேண்டுமா அடக்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் கணவர் ஒரு அட்டையில் செருகி நாலைந்து தாள் கொண்டுவந்தார். "ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் பேப்பர், அம்புக்குறி போட்ட இடத்துல எல்லாம் போடு" என்றார். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று இருபது வருடமாக நோயாளிகளிடம் தொண்டை வறளக் கத்தியவள், கையில் ஊசி குத்தியிருக்க, ஒரு வரி படிக்காமல் போட்டாள். கட்டின புருஷன் நீட்டிய காகிதத்தை யாராவது வாசித்துப் பார்ப்பார்களா?

வீடு திரும்பிய அன்று காருக்குப் பின்னால் புது பம்பர் பளபளத்ததும் ஞாபகம் வந்தது. "நீ வர்றேன்னு வண்டியப் புதுசாக்கி வெச்சேன்" என்றார். அதைக் கிளினிக்கில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உடம்பு கூசியது.

ஆனாலும் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தாலும் நோயாளி எதிரில் முகம் மாறக்கூடாது என்பது தொழிலில் பழகியது. "இப்ப நான் என்ன செய்யணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு வழி மேடம். இது நீங்கதான்னா, இந்தப் படிவத்துல என்ன நடந்துச்சுன்னு உங்க வார்த்தையில எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பிரீமியம் ரெண்டு மடங்கா வரும், ஆனா பாலிசி குடுப்பாங்க. நீங்க இல்லேன்னா, இல்லேங்கிறதுக்கு ஆதாரம் கொண்டாங்க. அப்ப அந்தப் பழைய ஃபைலைத் திறப்பாங்க. யார் ஓட்டினது, ஏன் உங்க பேரைப் போட்டாங்கன்னு கேப்பாங்க." படிவத்தை நீட்டினார். "எதுவா இருந்தாலும் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள."

அன்று செவ்வாய்க்கிழமை.

வீட்டு வாசலில் ஒரு பலகை உண்டு. கணவர் நடத்துகிற டிரைவிங் ஸ்கூல் வீட்டின் முன்னறையில்தான். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். 'இருபத்திரண்டு ஆண்டுகள், ஒரு கீறல் இல்லை' என்று சிவப்பில் எழுதி, போன வருடம் அதன் கீழே நீலத்தில் 'பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர்' என்று சேர்த்திருந்தார். அந்தப் பெண் பயிற்சியாளர் வேறு யாருமில்லை, இவர்களுடைய ஒரே மகள். இருபத்தொரு வயது. அப்பாவின் வலது கை. நர்சம்மா அந்தப் பலகையை வருடக்கணக்காகத் துடைத்து வந்திருக்கிறாள். அன்றைக்குத்தான் நின்று வாசித்தாள்.

மாஸ்டர் சாப்பாட்டு மேஜையில் இருந்தார். மகள் எதிரில் உட்கார்ந்து மறுநாள் வகுப்புக்கு யார் யார் வருகிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நர்சம்மா கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டாள்.

"ஏங்க, நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ வண்டிய ஒருத்தர் மேல விட்டது யாரு?"

மாஸ்டர் வாயிலிருந்ததை மென்று முடித்து, தண்ணீர் குடித்து, டம்ளரை வைத்தார். அத்தனை நேரம் எடுத்துக்கொண்டபோதே பதில் பாதி வந்துவிட்டது. "யாரு சொன்னா?"

"இன்சூரன்ஸ்காரரு. என் பேர்ல இருக்குன்னு எனக்கே காட்டினாரு."

"அட, அது வெறும் பேப்பர்மா. டிரைவிங் ஸ்கூல் நடத்துறவன் ஆளை இடிச்சான்னா ஸ்கூலை இழுத்து மூடிட வேண்டியதுதான். உன் பேர்ல இருந்தா என்ன போச்சு? உனக்குன்னு ஒரு பாலிசிகூட கிடையாதே அப்ப."

"வயித்துல தையலோட கிடந்தேங்க நான்."

"அதான். அந்த நேரத்துல உன்னைப் போட்டு ஏன் படுத்தணும்னுதான் சொல்லல."

எவ்வளவு கரிசனம் பாருங்கள். மனைவி மேல் ஒரு விபத்தையே தூக்கிப் போட்டுவிட்டு, அவள் தூக்கம் கெடக்கூடாதே என்று பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்.

"அப்ப ஓட்டினது நீங்கதானா?"

"நான்தான்னு வெச்சுக்கயேன்."

"வெச்சுக்கறதா?"

உண்மையைச் சொன்னால், இதையும் அவள் விழுங்கியிருப்பாள். இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் இதைவிடப் பெரியதெல்லாம் தொண்டைக்குள் இறங்கியிருக்கிறது. ஆனால் அப்போது ஒன்று உறைத்தது. அவள் கார் ஓட்டுவதைப் பற்றிப் பேச்சு வந்தாலே மகள் சும்மா இருக்க மாட்டாள். "ஆமை கிளம்பிடுச்சு, எல்லாரும் ஒதுங்கிக்கோங்க" என்று ஒரு தடவையாவது சொல்லாமல் விடமாட்டாள். இன்றைக்கு அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. நோட்டில் ஒரே எழுத்தின் மேல் பேனா திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

"நீயா?" என்றாள் நர்சம்மா.

மகள் நிமிரவில்லை. மாஸ்டர்தான் பேசினார். "குழந்தைக்குப் பதினேழு வயசு அப்ப. பதினெட்டு முடிஞ்ச அன்னிக்கே டெஸ்டுல பாஸாகணும்னு ஆசைப்பட்டா. நானும் பக்கத்துல உக்காந்துதானே இருந்தேன். வயசு ஆகாதவள ஸ்கூல் வண்டியில ஏத்த முடியாது, வீட்டு வண்டியில என் பக்கம் ரெண்டாவது பிரேக்கு கிடையாதே, என்ன செய்யறது? லைசென்ஸ் இல்லாத சின்னப் பொண்ணு ஓட்டினான்னு எழுதச் சொல்றியா? அவளும் போயிருப்பா, ஸ்கூலும் போயிருக்கும். நாம என்ன சாப்பிடறது?"

பதினெட்டு முடிந்த அன்று மகள் முதல் முயற்சியிலேயே பாஸானதும், மாஸ்டர் தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்ததும், அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியது தான்தான் என்பதும் நர்சம்மாவுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து படிவத்தை எடுத்து மேஜையில் விரித்தாள். குரல் அவளுக்கே அந்நியமாக, ரொம்ப அமைதியாக வந்தது. "சரி. பெத்தவ நான். என் பேர்லயே இருக்கட்டும். ரெண்டு மடங்கு கட்டிட்டுப் போறேன். ஆனா என்ன நடந்துச்சுன்னு என் வார்த்தையில எழுதணுமாம். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சொல்லு, நான் எழுதறேன்."

மாஸ்டருக்கு அப்பாடா என்றிருந்தது. "சொல்லு, அம்மா கேக்கறால்ல?" என்று மகளை உசுப்பினார்.

மகள் சொன்னாள். முதலில் திக்கித் திக்கி, அப்புறம் அணை உடைந்த மாதிரி. நாலு வருடமாக யாரிடமும் சொல்லாதது. நர்சம்மா கேஸ் ஷீட் எழுதுகிற அதே குண்டு கையெழுத்தில் எழுதிக்கொண்டே போனாள். 'நான் தெரு முனையில் வண்டியைத் திருப்புவதற்காகப் பின்னால் எடுத்தேன். கண்ணாடியை நான் சரியாகப் பார்க்கவில்லை. பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டேன். பின்னால் நடந்து சென்ற பெண் கீழே விழுந்தார்.'

"யாரு அந்தம்மா?"

"முனைக்கடை தையல்காரம்மா."

பேனா நின்றது. தையல்காரம்மா! எப்போது பார்த்தாலும் வாய் நிறையக் கூப்பிட்டுப் பேசுகிறவள், நாலு வருடமாக இவளைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். துணி கொடுத்தால் நேரமில்லை என்கிறாள். கால் மெஷினைத் தூக்கிப் போட்டுவிட்டு மோட்டார் மெஷின் வாங்கியதிலிருந்து அவளுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று நர்சம்மாவே கிளினிக்கில் சொல்லியிருக்கிறாள். மெஷினை மிதிக்கக் காலில் தெம்பு இல்லாமல் போனதால் வாங்கிய மோட்டார் அது என்று இப்போதுதான் புரிந்தது.

"அப்புறம்?"

"கத்தினாங்கம்மா. ரொம்பக் கத்தினாங்க."

"நீ இறங்கினியா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"அவரை ஏன் பாக்கற? இறங்கினியா, இல்லையா?"

"அப்பா இறங்கினாரு. நீ உள்ளயே இருன்னாரு."

"நான் இறங்கி டாக்ஸி பிடிச்சு, அந்தம்மாவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்ல?" என்றார் மாஸ்டர்.

"அனுப்பினீங்களா, கூட்டிட்டுப் போனீங்களா?"

"இவள முதல்ல வீட்டுல கொண்டாந்து விடணும்ல. நடுங்கிட்டிருந்தா."

அடுத்த வரியாக 'நான் வண்டியை விட்டு இறங்கவில்லை' என்று எழுத வேண்டும். நர்சம்மாவின் கை ஓடவில்லை. கவனக்குறைவு அவளுடையது என்று எழுதிவிட்டாள், பிரேக் தெரியாதவள் என்று எழுதிவிட்டாள். அதெல்லாம் வலிக்கவில்லை. ஆனால் இது? தெருவில் யாராவது தடுக்கி விழுந்தால் சாப்பிட்ட கையோடு ஓடுகிறவள் அவள். காலொடிந்து ஒரு பெண் கதறக் கதற, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்திருந்தேன் என்று தன் கையால் எப்படி எழுதுவாள்? பேனாவை மூடினாள். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

புதன்கிழமை காலை நேரே தையல் கடைக்குப் போனாள். ஒற்றை அறை. மூன்று பக்கமும் தைத்த துணிகள் தொங்கின, தரையெல்லாம் வெட்டுத் துணி. தையல்காரம்மா மெஷினை நிறுத்தவில்லை. இடது காலால்தான் மோட்டாரை அழுத்தினாள். வலது கால் ஒரு பலகை மேல் தனியாக இருந்தது.

"அக்கா, அன்னிக்கு வண்டி ஓட்டினது நான் இல்லக்கா" என்றாள் நர்சம்மா, நின்றபடியே.

"தெரியும்."

"தெரியுமா?"

"விழுந்து கிடக்கும்போது வண்டிக் கண்ணாடியில உங்க பொண்ணு முகம்தான் தெரிஞ்சுது. அப்புறமா மாஸ்டர் காகிதம் கொண்டாந்தாரு, உங்க பேரு போட்டிருந்துச்சு. சின்னப் பொண்ணு, வாழ்க்கை வீணாயிடும்னு கண்ணு கலங்கினாரு. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கே. சரின்னுட்டேன்."

"அப்ப எங்கிட்ட ஏன்க்கா பேச்ச நிறுத்துனீங்க?"

மெஷின் நின்றது. தையல்காரம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "யாரு ஓட்டினா எனக்கென்ன நர்சம்மா? நர்சு வீட்டு வண்டிதானே. ஆறு மாசம் கட்டோட கிடந்தேன். தெரு பூரா ஓடி ஓடிப் பாக்கற கை உங்களுது. இன்னிக்கு வருவீங்க, நாளைக்கு வருவீங்கன்னு நானும் வாசலையே பாத்துட்டிருந்தேன். உங்க வீட்டுல மூணு பேரு இருக்கீங்க. ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல."

"கடை பூட்டியிருந்துச்சு, ஊருக்குப் போயிட்டீங்கன்னு அவர் சொன்னாரு. எனக்குத் தெரியாதுக்கா."

சொல்லும்போதே அது எவ்வளவு சல்லிசான பதில் என்று அவளுக்கே கேட்டது. குனிந்து, "காலைக் காட்டுங்கக்கா" என்று கையை நீட்டினாள்.

தையல்காரம்மா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "இப்ப எதுக்கு? எலும்பு கோணலாவே சேந்துடுச்சு." மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

இழுத்துக்கொண்ட அந்த ஒரு நொடியில் நர்சம்மா பார்த்துவிட்டாள். சரியாக வைத்துக் கட்டாத கணுக்கால். வீக்கம் வடிந்ததும் ஒருவர் பார்த்து, கட்டு தளர்ந்துவிட்டது என்று ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கூட்டிப் போயிருந்தால் நேராகியிருக்கும். அதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். நாலு வீடு தள்ளி இருக்கிற ஒரு நர்ஸ் போதும்.

அன்று சாயங்காலம் மகளையும் கணவரையும் முன்னறையில் உட்காரவைத்துச் சொன்னாள். "நீ அந்தம்மாவப் போய்ப் பாரு. கடை முன்னால வண்டிய நிறுத்தி, இறங்கி, உள்ள போய், ஓட்டினது நான்தான்னு சொல்லு. காலு எப்படி இருக்குன்னு கேளு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் மிச்ச வரியையும் எழுதி நான் கையெழுத்துப் போடறேன். பழி என்னோட போகட்டும், ஆயுசுக்கும் வாயத் திறக்க மாட்டேன். நீ போகலேன்னா, வெள்ளிக்கிழமை என் டிஸ்சார்ஜ் பேப்பரக் கொண்டு போய் இன்சூரன்ஸ்காரர் மேஜையில வெப்பேன்."

"ஆறின புண்ண எதுக்கு இப்பக் கிளறணும்?" என்றார் மாஸ்டர்.

"ஆறிடுச்சான்னு நீங்க போய்ப் பாத்தீங்களா? நான் பாத்தேன்."

மாஸ்டர் எழுந்தார். சுவரில் கொக்கியில் தொங்கிய வீட்டுக் கார் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "என் பேர்ல இருக்கிற வண்டி" என்றார். பத்தொன்பது வருடம் ஓட்டியவளுக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. மகள் மட்டும், "போறேம்மா. எனக்குக் கொஞ்சம் டைம் குடு" என்றாள்.

வியாழக்கிழமை முழுக்க அவளுக்கு வகுப்பு. நர்சம்மா சமையலறையில் நின்று முன்னறைக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். புதிதாகச் சேர்ந்த ஐந்து பெண்களுக்கு மகள் பாடம் எடுத்தாள். நல்ல குரல், கணீரென்று. "எங்கயாச்சும் இடிச்சுட்டீங்கன்னா முதல்ல என்ன செய்யணும்? வண்டிய நிறுத்தணும். என்ஜின ஆஃப் பண்ணணும். அப்புறம்?" ஐந்து பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சேர்ந்து சொன்னார்கள்: "இறங்கணும்." தவறாமல் எல்லா வகுப்பிலும் வருகிற பாடம்தான் அது. நர்சம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்வாசலில் போய் நின்றுகொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். பையில் இரண்டும் இருந்தன. ஒரு வரி மட்டும் எழுதாத படிவம், நாலு வருடத்துக்கு முந்தைய டிஸ்சார்ஜ் பேப்பர். இன்சூரன்ஸ் ஆபீஸுக்குப் போகிற பஸ் முனைக்கடைக்கு எதிரில்தான் நிற்கும். அவள் போய்ச் சேர்ந்தபோது ஸ்கூல் கார், தலையில் பலகையோடு, தையல் கடைக்கு முன்னால் ஓரமாக நின்றிருந்தது. நான்கு விளக்கும் மினுக்கிக்கொண்டிருந்தன. உள்ளே மகள் தனியாக இருந்தாள்.

நர்சம்மா தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். பஸ் வந்தது. ஏறவில்லை.

மகள் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்குள் தையல்காரம்மா தலையைத் தூக்கிக் காரைப் பார்த்தாள். மெஷினை நிறுத்தினாள். யாராவது வந்தால் உட்காரட்டும் என்றோ என்னவோ, பக்கத்து ஸ்டூலில் குவிந்திருந்த துணியை எடுத்துக் கீழே வைத்தாள்.

இரண்டாவது பஸ் வந்தது. நடத்துநர் "ஏறுங்கம்மா" என்றார். அவள் தலையை ஆட்டினாள். பஸ் நகர்ந்து மறைப்பு விலகியதும் பார்த்தால், மகள் சீட் பெல்ட்டைக் கழற்றியிருந்தாள். ஒரு கை கதவில் இருந்தது. இறங்குடி, இறங்குடி கண்ணு, என்று நர்சம்மா வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். இதைவிடக் கெஞ்சி அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இறங்கிவிடு, நான் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கிறேன். காலொடிந்தவளைப் பார்த்துக்கொண்டு கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன் என்றுகூட எழுதுகிறேன்.

கதவு திறக்கவில்லை. மகள் பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள். மினுக்கு விளக்கை அணைத்தாள். வலப்பக்க இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலாகவும் ஒரு முறை பார்த்து, நிதானமாக வண்டியை எடுத்தாள். மாஸ்டர் மகளாச்சே, விதி தப்புமா? ஒரு கீறல் இல்லாமல் கார் முனையைத் திரும்பிப் போனது.

தையல்காரம்மா கொஞ்ச நேரம் தெருவையே பார்த்தாள். பிறகு கீழே வைத்த துணியை எடுத்து மறுபடி ஸ்டூலில் போட்டாள்.

மூன்றாவது பஸ்ஸில் நர்சம்மா ஏறினாள்.

கவுண்டர்க்காரர் டிஸ்சார்ஜ் பேப்பரை இரண்டு தடவை வாசித்தார். சேர்ந்த தேதி, ஆபரேஷன் தேதி, வீட்டுக்குப் போன தேதி. விரலை வைத்துத் திரையோடு ஒப்பிட்டார். "இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? நீங்க ஓட்டலேன்னு ஆயிடும் மேடம். ஆனா அவரோட பாலிசியில உங்க பேரச் சேர்க்கவே இல்ல, அந்தப் பத்தொன்பது வருஷம் கிடைக்காது. சைபர்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்."

"பரவாயில்ல. சைபர்னாலும் என்னுது."

"பாலிசி இன்னிக்கே குடுத்துடறேன். ஆனா பழைய ஃபைலைத் திறந்துதான் ஆகணும்." கவுண்டர்க்காரர் ஒரு தாளை எடுத்துக்கொண்டார். "ஓட்டினது யாருன்னு தெரியுமா மேடம்?"

"தெரியும்."

"உங்களுக்கு என்ன முறை?"

"மக."

எழுதப் போன பேனா நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியதும் அந்த முகம் யாரோ ஒரு தகப்பன் முகமாகத் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. இதை எழுதிட்டா திரும்ப எடுக்க முடியாது. பெத்த பொண்ணு. இன்னொரு தடவை யோசிச்சுக்கறீங்களா? நான் வேணா சாயங்காலம் வரைக்கும்..."

"யோசிச்சாச்சு சார்" என்றாள் நர்சம்மா. "ரெண்டு பஸ்ஸை விட்டுட்டுத்தான் வந்தேன்."

அவருக்கு விளங்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினார்.